தோட்டப் பட்டணத்தில் ஒரு பாப் பங்க் குழு: முதல் ஜாமிங்கிலிருந்து ஆள் மாறும் நாள் வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் பாப் பங்க் குழு (வேகமும் எளிய மெட்டும் உள்ள ராக் பாடும் குழு) ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கிட்டார் வாங்குகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நாலு பேருடைய வேலை அட்டவணை. ஒருவர் செம்பனை ஆலையில், ஒருவர் ஈப்போ தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டில், ஒருவர் கல்லூரியில், இன்னொருவர் சிங்கப்பூர் போக ஏஜெண்டிடம் பேசிக்கொண்டிருக்கிறார். இங்கே குழுக்கள் சண்டையில் உடைவது குறைவு; நாள் கிடைக்காமல் கரைந்துபோவதுதான் அதிகம். அதனால் கீழே சொல்லும் எல்லாமே ஒரே கணக்கில் போகிறது: செலவைக் குறை, நாளைக் குறை, விடாமல் நடத்து. வருஷத்துக்கு எட்டு மேடை, நாலு புதுப் பாட்டு, ஒரு தொகுப்பு. வேலைக்குப் போகிற ஆட்களால் இதை நாலைந்து வருஷம் தாங்க முடியும். இதற்கு மேல் திட்டம் போட்டால் ஆறாவது மாசத்தில் யாராவது ஒருவர் போனை எடுக்க மாட்டார்.

இந்த இசைக்கு ஊர் சிறியது என்பது குறையே இல்லை. 1994-இல் உலகம் முழுக்கத் தெரியவந்த கிரீன் டே, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தொண்டர்கள் நடத்திய 924 கில்மன் ஸ்ட்ரீட் என்ற எளிய கூடத்தில் வளர்ந்த குழு. நம் பக்கம் பங்க்ஃபேஸ் குழு வந்தது கிள்ளானிலிருந்து. 2006-இல் யோகி பி - நட்சத்திரா தமிழ் ராப்பைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனார்கள். ஒரு கூடமும், திரும்பத் திரும்ப வரும் அறுபது பேரும் இருந்தால் குழு நடக்கும். அந்த அறுபது பேரை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் வேலை.

ஆளும் நாளும்

மூன்று பேர் போதுமானால் நாலாவது ஆளைத் தேடாதீர்கள். பாடுகிறவரே கிட்டார் வாசித்தால் கிட்டார், பேஸ், டிரம் மூன்றும் ஒரே அல்சா காரிலோ எக்ஸோரா காரிலோ சாமானோடு ஏறிவிடும். நாலு பேர் என்றால் இரண்டு வண்டி, இரண்டு டோல். இரண்டாவது கிட்டார் இருந்தால் பாட்டு நிறையும் என்பது உண்மைதான், ஆனால் முதல் வருஷத்தில் நிறைய வேண்டியது பெட்ரோல் தொட்டி.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று மணி நேரம். அதற்கு மேல் யாராலும் வர முடியாது என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஜாமிங் ஸ்டூடியோவுக்கு (குழுவாக வாசித்துப் பழகும் வாடகை அறை) மணிக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் ஒரு முறைக்கு 120, மாசத்துக்கு 240, மூன்று பேருக்குத் தலைக்கு 80. இந்த 80 வெள்ளியைச் சம்பளம் வந்த கையோடு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்டூடியோ வாசலில் வசூல் செய்கிற குழுவில் என்றைக்கும் ஒருவர் கையில் காசு இருக்காது.

முதல் மாசமே ஒரு பக்கத் தாளில் நாலு விஷயம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், பாட்டு உரிமை எப்படிப் பிரியும், பொதுப் பணத்தில் வாங்கிய சாமான் யாரிடம் இருக்கும், ஒருவர் விலகினால் என்ன நடக்கும். நண்பர்களுக்குள் எதற்கு என்று கேட்பவர்தான் பிற்பாடு மிக்ஸரை வீட்டுக்குத் தூக்கிப் போவார்.

பயிற்சி இடம்

தாமான் (குடியிருப்பு) வீட்டின் பின்கட்டிலோ பழைய தோட்ட லயத்திலோ வாசிக்கலாம் என்று எல்லோரும் முதலில் நினைப்பார்கள். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுவார்கள். முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தீப்பிடித்தால் நிமிஷத்தில் எரிந்துவிடும் என்பது தனி ஆபத்து. சத்தத்தைத் தடுப்பது கனமும் காற்றுப் புகாத மூடலும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி உள்ள வீட்டில் எதை ஒட்டினாலும் டிரம் அடுத்த தெருவுக்குப் போகும்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். பாட்டு கட்டுவது, வரி எழுதுவது, பேஸும் கிட்டாரும் ஒத்திகை பார்ப்பது எல்லாம் வீட்டில், ஆம்ப் இல்லாமல் ஹெட்போனில். டிரம்மோடு சேர்ந்து வாசிப்பது மட்டும் ஸ்டூடியோவில். டிரம்மர் வீட்டில் ரப்பர் பேடில் மெட்ரோனோமோடு (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) பழகட்டும். இப்படிச் செய்தால் ஸ்டூடியோவின் மூன்று மணி நேரத்தில் பாட்டு கற்றுக்கொள்ளும் நேரம் போகாது.

வீட்டில் வாசித்தே ஆக வேண்டும் என்றால் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை நல்ல நேரம். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிற அண்டை வீட்டார் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். சூராவ் (சின்னத் தொழுகை இடம்) பக்கமாக இருந்தால் பாங்கு சொல்லும் நேரத்தில் ஒரு தட்டு கூடக் கேட்கக் கூடாது. போலீஸ் வந்து நிறுத்துவதை விட அண்டை வீட்டு அக்கா வந்து நிறுத்துவதுதான் குழுவை முடித்துவைக்கும்.

காது விஷயம்: எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். சின்ன அறையில் டிரம் சர்வசாதாரணமாக 100-ஐத் தொடும். அந்த அளவில் 15 நிமிஷம்தான் கணக்கு. காதடைப்பான் இல்லாமல் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு இரவு காதில் விசில் அடித்தால், அது சேதம்.

சாமான்

கிட்டாரில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) இருந்தால் போதும். பெயர் எதுவாக இருந்தாலும் சரி. கம்பியின் தடிமன் .010–.046 அங்குலம். கீழ்க் கம்பியை டி-க்கு இறக்கி வாசித்தால் .010–.052, இல்லையென்றால் தொளதொளத்துச் சுருதி ஓடும். நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்: வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மேடைக்கு இரண்டு நாள் முன்னால் கம்பி மாற்றுங்கள். அன்றைக்கே மாற்றினால் மேடையில் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது எல்லோரும் ஆம்ப்பில் கெயினை (ஒலியைக் கரகரக்க வைக்கும் திருகு) ஏற்றி, நடு அலைகளைக் குறைத்து, பேஸ் திருகைக் கூட்டுகிறார்கள். அறையில் பிரமாதமாக இருக்கும். டிரம்மும் பேஸும் சேர்ந்ததும் அந்தக் கிட்டார் காணாமல் போய்விடும், ஏனென்றால் மனிதக் காது கிட்டாரைப் பிடிப்பதே நடு அலையில்தான். கெயின் பாதிக்குச் சற்று மேலே, நடு அலை 6 அல்லது 7, பேஸ் 4. பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி) அடிக்கும்போது ஒவ்வொரு தட்டும் பிரிந்து கேட்டால் கெயின் சரி. சேர்ந்து உறுமினால் குறையுங்கள்.

டிரம்மர் சொந்தமாக வைத்திருக்க வேண்டியவை ஸ்னேர், சிம்பல், கிக் பெடல், 5பி குச்சி நாலு ஜோடி. மீதி செட்டை எங்கேயும் இரவல் வாங்கலாம். இரண்டு மீட்டர் சதுரத்தில் ஒரு பழைய கம்பளம் கட்டாயம். சிமெண்ட் தரையில் கிக் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், மூன்றாவது பாட்டில் டிரம்மர் காலை நீட்டி எட்டிப்பிடிப்பார்.

பாட்டு கட்டுவது

பாப் பங்க்கின் வேகம் நிமிஷத்துக்கு 160 முதல் 200 தட்டு. 180 என்று எடுத்துக்கொண்டால் நாலு தட்டுள்ள ஒரு அடைப்பு (பார்) ஒன்றே கால் வினாடிக்குச் சற்று மேல். முன்னிசை 8 அடைப்பு, சரணம் 16, ஏற்றம் 8, பல்லவி 16, மறுபடி சரணம் 16, ஏற்றம் 8, பல்லவி 16, இடைப்பகுதி 16, கடைசிப் பல்லவி 16. மொத்தம் 120 அடைப்பு, 2 நிமிஷம் 40 வினாடி. மூன்று நிமிஷத்தைத் தாண்டினால் எங்கோ ஒரு சரணம் அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசைக்குத் தலையைப் பிய்க்க வேண்டாம்: ஜி, டி, இ மைனர், சி. இதே நாலையே வேறு வேறு இடத்தில் தொடங்கி எத்தனையோ குழுக்கள் பிழைத்திருக்கின்றன.

கஷ்டம் தமிழ் வரியில்தான். இந்த வேகத்தில் வினாடிக்கு ஆறு அரைத்தட்டு ஓடுகிறது. ஒவ்வொரு அரைத்தட்டிலும் ஓர் ஒலித்துண்டுதான் உட்காரும். ‘நான் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று பாடிப் பாருங்கள். பதினோரு துண்டு. ஓர் அடைப்பில் எட்டு இடம்தான் உண்டு. மீதி மூன்றும் அடுத்த அடைப்புக்குள் வழிந்து, பாடுகிறவர் மூச்சுவிட இடமில்லாமல் திணறுவார். ‘நெனப்பெல்லாம் நீதா’ என்றால் ஆறு. இரண்டு அரைத்தட்டு மூச்சுக்கு மிச்சம். எழுத்துத் தமிழை இந்த வேகத்தில் பாட முடியாது. தோட்டத்தில், மாமாக் கடையில் பேசுகிற தமிழில்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது சிக்கல் வரி முடியும் இடம். தமிழில் வினை கடைசியில் வருவதால் எல்லா வரியும் ‘போறேன், வர்றேன், நிக்கிறேன்’ என்று முடியும். மூன்றாவது வரியிலேயே அலுத்துவிடும். வினையை முன்னால் தள்ளிப் பெயரைக் கடைசியில் வையுங்கள். அதைவிட நல்லது எதுகை. ‘கம்பி, தம்பி, நம்பி, வெம்பி’ என்று வரித் தொடக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் அடைப்பின் முதல் தட்டில் விழும். கிக் டிரம் அடிக்கும் அதே இடம். கூட்டம் வரி தெரியாமலே அந்த இடத்தில் சேர்ந்து கத்தும். இந்த இசையில் கடைசி எழுத்து இயைபை விட எதுகைதான் வேலை செய்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம்.

மூன்றாவது, பல்லவியில் இழுத்துப் பாடும் சுரம் எந்த எழுத்தில் நிற்கிறது. ‘வந்து, பாத்து, காசு’ எல்லாம் குற்றியலுகரம். நாலு தட்டு இழுத்தால் ‘காசூ’ என்று குழந்தை அழுவது போல ஆகும். ஆ, ஏ, ஓ மூன்றும் தொண்டை திறந்து நிற்கும். ‘ஏழாந்தேதி சம்பளம், எட்டாந்தேதி காலியே’ என்ற வரியில் ‘யே’-வை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ‘காலி ஆச்சு’ என்று முடித்தால் பிடிக்க எதுவும் இல்லை.

பாடுகிறவருக்குப் பல்லவியின் உச்சி எட்டவில்லையா, எல்லாக் கம்பியையும் அரை சுருதி இறக்குங்கள். மேடையில் ஐந்தாவது பாட்டில் தொண்டை எப்படியும் களைத்திருக்கும். ஸ்டூடியோவில் ஒரே ஒரு முறை எட்டிய சுரத்தை நம்பிப் பாட்டு கட்டாதீர்கள்.

மண்டபத்து மின்சாரம்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் ஆபத்து இங்கேதான். பழைய தோட்ட மண்டபங்களில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், உள்ளே மண்ணிணைப்புக் (எர்த்) கம்பி இருக்காது. கிட்டார் ஆம்ப் ஒரு சுவரில், மிக்ஸர் இன்னொரு சுவரில். கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதடு மைக்கின் இரும்புச் சல்லடையில் பட்டதும் சுரீர் என்று அடிக்கும். பெரும்பாலும் சின்ன அடிதான். வயரிங் வேறு விதமாகக் கெட்டிருந்தால் சின்ன அடியாக இருக்காது.

சோதிக்கும் விதம்: இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை கிட்டார் கம்பியில், மறு முனை மைக் சல்லடையில். ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வாசிக்கலாம். பத்து, இருபது, நூறு என்று காட்டினால் சரியாகும் வரை யாரும் பாடக் கூடாது. சரிசெய்வது: சாக்கெட் டெஸ்டரால் மண்ணிணைப்பு உள்ள ஒரு பிளக்கைத் தேடி, மேடையின் எல்லாச் சாமானையும் மிக்ஸரையும் அந்த ஒன்றிலிருந்தே எடுங்கள். நடுவில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் (ஆர்.சி.டி.) ஒன்று போடுங்கள். உறுமல் கேட்கிறது என்று மூன்றாவது ஊசிக்கு டேப் சுற்றுகிற ஆளை மேடைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். உறுமலுக்கு மருந்து டிஐ பெட்டியில் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான். பேனா முனையை நுழைத்து இரண்டு ஊசி பிளக்கைச் செருகும் நம் ஊர்ப் பழக்கம் போன் சார்ஜருக்கே ஆகாது, ஆம்ப்புக்குச் சொல்லவே வேண்டாம்.

ஒரே பிளக் தாங்குமா? 13 ஆம்பியர், 240 வோல்ட் என்றால் சுமார் 3,000 வாட். இரண்டு கிட்டார் ஆம்ப், ஒரு பேஸ் ஆம்ப், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்கும். அதே வயரில் நின்று சுழலும் மின்விசிறியும் தண்ணீர் கொதிக்கவைக்கும் ஜாடியும் சேர்ந்தால்தான் பல்லவி நடுவில் இருட்டாகும். உருளையில் சுற்றிய நீட்டிப்பு வயரை முழுக்க அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே ஓடவிட்டால் சூடேறி உருகும்.

சிமெண்ட் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் மைக் கீச்சிடுவதும் சகஜம். எஸ்.எம். 58 மாதிரி மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது கேளாத பக்கம். பாடுகிறவர் தன் குரலைக் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கரை அங்கே, பாடுகிறவரைப் பார்த்தபடி வையுங்கள். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்த வித்தை போய்விடும், ஊளையிடும். பின்சுவரில் கேன்வாஸ் கித்தானோ கம்பளியோ தொங்கவிட்டால் வரி புரியும். சாயங்கால மழை தகரத்தில் இறங்கினால் மெதுவான பாட்டு எதுவும் கேட்காது. பட்டியலில் வேகமான பாட்டு ஒன்றை மழைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த கிக் (மேடை நிகழ்ச்சி) நடத்துவது

ஈப்போவோ கோலாலம்பூரோ கூப்பிடும் என்று காத்திருந்தால் இரண்டு வருஷம் போய்விடும். நீங்கள் நடத்தினால்தான் மற்ற ஊர்க் குழுக்கள் உங்களைத் தெரிந்துகொள்ளும். வந்தவர்கள் திருப்பி அழைப்பார்கள். பத்து வாரம் முன்னால் ஆரம்பியுங்கள்.

முதலில் தேதி. சம்பளம் மறுமாசம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும் என்பது சட்டம், அதனால் ஏழுக்குப் பிந்திய முதல் சனிக்கிழமை. தைப்பூசம், ஊர்க் கோயில் திருவிழா, எஸ்.பி.எம். பரீட்சை, நோன்பு மாசம் எல்லாவற்றையும் தவிருங்கள். நோன்பில் மலாய்க் குழுக்கள் பெரும்பாலும் வாசிக்காது, அவர்கள் இல்லாமல் பங்க் கூட்டம் இந்த நாட்டில் கூடாது.

இடம்: பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்), பூப்பந்து மண்டபம், தோட்டத்துக்குள் இருந்தால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதியோடு தோட்ட மண்டபம். மணிமன்றக் (தமிழ் இளைஞர் அமைப்பு) கிளை ஊரில் இயங்கினால் அவர்கள் மூலம் கேட்பது எளிது. கடிதத்துக்கு ஒரு முத்திரை கிடைக்கும். டிக்கெட் விற்றால் நகராண்மைக் கழகத்தில் கேளிக்கை உரிமம் கேட்க வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். போலீஸ் நிலையத்துக்கும் கடிதம் கொடுங்கள். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கவுண்டரில் கேட்டுப் பட்டியலை எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுக் குழு ஒன்றைச் சேர்த்தால் புஸ்பால் (வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான அரசுக் குழு) அனுமதி தனியாக வேண்டும், அது வாரக்கணக்கில் இழுக்கும்.

அனுமதியை அலட்சியம் செய்யக் கூடாததற்குச் சரித்திரம் உண்டு. 2001-இல் பிளாக் மெட்டல் என்ற கடும் ராக் இசை பற்றிய பீதி பள்ளிகள் வரை போனது. 2005-இன் கடைசி இரவில் கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலையில் நடந்த கிக்கில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் பிடித்தது. 2015 ஆகஸ்டில் அம்பாங்கின் ரூமா அப்பி கூடத்தில் சோதனை நடந்தது. போஸ்டரில் மண்டை ஓடும் ஆட்டுக்கொம்பும் போட்டுவிட்டு, நாங்கள் காதல் பாட்டுப் பாடும் குழு என்று போலீஸ் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

நேரம் சாயங்காலம் 4 மணி. நாலு குழு, தலைக்கு 25 நிமிஷம், நடுவில் மேடை மாற்ற 15 நிமிஷம்: மொத்தம் 145 நிமிஷம், 6.25-க்கு முடியும். மஃரிப் தொழுகைக்கு முன் சத்தம் நின்றுவிடும், இருட்டும் முன் பிள்ளைகள் வீடு சேர்வார்கள், அப்பா அம்மா அடுத்த முறையும் விடுவார்கள். இரவு நிகழ்ச்சி கௌரவமாகத் தெரியும், ஆனால் தோட்டப் பட்டணத்தில் பெண் பிள்ளைகள் வரும் கிக் பகல் கிக்தான்.

ஒலி அமைப்புக்குக் கோயில் திருவிழாவுக்கு வரும் சவுண்டு சிஸ்டக்காரரே போதும். அவருக்கு உறுமி மேளமும் சினிமாப் பாட்டுக் குழுவும் பழக்கம். டிரம், ஆம்ப் மைக் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்படி அனுப்புங்கள்: ‘அண்ணே, சனிக்கிழமை நாலு மணி நிகழ்ச்சி. பாட்டுக்கு மைக் மூணு, கிட்டார் ஆம்ப்புக்கு ரெண்டு, கிக் டிரம்முக்கு ஒண்ணு, பேஸுக்கு டிஐ ஒண்ணு. மானிட்டர் ரெண்டு. எக்கோ வேணாம்ணே. ரெண்டு மணிக்கு வந்துட்டா சவுண்டு பாத்துக்கலாம்.’ எக்கோ வேண்டாம் என்பதை நேரிலும் ஒரு முறை சொல்லுங்கள்.

மாதிரிக் கணக்கு: மண்டபம் 150, ஒலி அமைப்பு 500, டிரம்மும் ஆம்ப்பும் வாடகை 250, வெளியூர்க் குழு மூன்றுக்குப் பெட்ரோல் தலா 80 வீதம் 240, சாப்பாடு 30 பொட்டலம் 180, போஸ்டர், டேப், முத்திரை 60, உரிமக் கட்டணத்துக்கு ஒதுக்கியது 100. மொத்தம் 1,480 வெள்ளி. டிக்கெட் 20 என்றால் 74 பேர் வர வேண்டும். டிரம்மும் ஆம்ப்பும் உங்களுடையதே என்றால் 1,230. 62 பேர் போதும். முதல் முறை அறுபது தேறாது. பள்ளி நண்பர்கள், ஃபுட்சால் குழு, வெளியூர்க் குழுக்கள் கூட்டிவரும் தலா ஐந்து பேர் என்று பெயர் பெயராக எழுதி எண்ணுங்கள். இன்ஸ்டாகிராமில் ‘வருகிறேன்’ என்று சொன்னவர்களில் மூன்றில் ஒருவரைக் கணக்கில் எடுங்கள். வெளியூர்க் குழுக்களுக்குப் பெட்ரோல் காசை, டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும், அன்று மாலையே கையில் கொடுத்துவிடுங்கள். இந்த வட்டத்தில் பேச்சு வேகமாகப் பரவும்.

பதிவு

ஒரே நாளில் நாலு பாட்டுக்கு டிரம் மட்டும் ஸ்டூடியோவில் எடுங்கள். கிக், ஸ்னேர், மேலே இரண்டு என்று நாலு மைக் போதும். மேல் மைக் இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கயிறு வைத்து அளந்து பாருங்கள். தூரம் மாறினால் ஸ்னேர் ஒரு பக்கம் சாய்ந்து மெலிந்து கேட்கும். டிரம்மர் கிளிக்கோடு (காதில் ஒலிக்கும் மெட்ரோனோம் தட்டு) வாசிக்க வேண்டும், அதனால் பதிவுக்கு ஒரு மாசம் முன்பே ஒத்திகையில் கிளிக்கைப் பழக்குங்கள்.

மீதி எல்லாம் வீட்டில். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். பதிவுத் தரம் 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடது வலது ஓரங்களில் வையுங்கள். ஒரே வாசிப்பை நகல் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம்தான் கூடும். குரல் எடுக்கும்போது மெத்தையைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், மைக்குக்குப் பின்னால் இல்லை; மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மழைக்கு முன், காலையில் எடுங்கள்.

கடைசி உரப்பை நசுக்கி ஏற்ற வேண்டாம். ஸ்பாட்டிஃபை பொதுவாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பின் அளவு) வரை இறக்கிவிடும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள்.

வெளியீடும் உரிமையும்

ஒரு வருஷத்துக்கு நாலு பாட்டு இருந்தால், மூன்றைத் தனித்தனியாக இரண்டு மாசத்துக்கு ஒன்றாக விட்டு, நாலாவதோடு சேர்த்துத் தொகுப்பாக விடுங்கள். தேதிக்கு நாலு வாரம் முன்பே விநியோகத் தளத்தில் (ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்குப் பாட்டை அனுப்பும் சேவை) ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல் தொகுப்பாளர்களுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் தேவை. டிஸ்ட்ரோகிட் வருஷாவருஷம் பணம் கேட்கும், கட்டாவிட்டால் பாட்டு இறங்கிவிடலாம். சிடி பேபி வெளியீட்டுக்கு ஒரு முறைக் கட்டணம். கலைந்துபோகும் சாத்தியம் எந்தச் சின்னக் குழுவுக்கும் உண்டு என்பதால் ஒரு முறைக் கட்டணமே நமக்கு ஏற்றது.

காசு எதிர்பார்க்காதீர்கள். 2024 முதல், கடந்த 12 மாசத்தில் 1,000 முறை கூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவுக்கான பங்குப் பணம் தருவதில்லை. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காட்டையும் பணப் பரிமாற்றக் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. பத்துப் பேர் வாங்கினாலே அடுத்த ஜாமிங்குக்கு ஆகும்.

குழுப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே விதமாக எழுதுங்கள். ஓரிடத்தில் ஒற்றை ‘ஏ’, இன்னோரிடத்தில் இரட்டை ‘ஏ’ என்றால் தேடுகிறவருக்கு இரண்டு குழு தெரியும். அதே பெயரில் வேறு குழு இருக்கிறதா என்று பெயர் வைக்கும் முன்னரே பாருங்கள்.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி பாட்டு பதிவானதுமே உரிமை உண்டாகிவிடும். எழுதியவர் ஆயுளுக்கும் அதன்பின் 50 ஆண்டுக்கும் நீடிக்கும். மைஇபோவில் (அறிவுசார் சொத்து அலுவலகம்) அறிவிப்பது விருப்பம்தான், தகராறு வந்தால் ஆதாரமாக உதவும். உரிமைத் தொகை வசூலித்துத் தரும் அமைப்புகள் உண்டு: மெட்டும் வரியும் எழுதியவர்கள் எம்.ஏ.சி.பி.யில் சேரலாம், ஒலிப்பதிவின் சொந்தக்காரருக்குப் பி.பி.எம்., வாசித்தவர்களுக்கு ஆர்.பி.எம். யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பாட்டு முடிந்த அன்றே எழுதிவிடுங்கள். மின்னல் எஃப்.எம்., ராகா வானொலிகளுக்கு அனுப்பும்போது கெட்ட வார்த்தை இல்லாத பதிப்பு ஒன்று, அரைப் பக்கக் குறிப்பு ஒன்று. சினிமாப் பாட்டை வேகமாக்கி மேடையில் வாசிக்கலாம், கூட்டம் குதிக்கும். உரிமம் இல்லாமல் வெளியிடாதீர்கள்.

காசு வருவது சட்டையில். முதல் அச்சு 30: எஸ் 3, எம் 8, எல் 10, எக்ஸ்எல் 6, டபுள் எக்ஸ்எல் 3. ஒரே நிறம், கறுப்புத் துணி. ஒன்று 17 வெள்ளிக்கு முடிந்தால் மொத்தம் 510. 35-க்கு விற்றால் பதினைந்தாவது சட்டையில் போட்ட முதல் திரும்பிவிடும். டுயிட்நவ் (போன் வழிப் பணம் செலுத்தும் முறை) கியூஆர் அட்டையைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள். விற்பனைக்கு என்று பெயர் வைத்துக் கணக்குக் காட்ட விரும்பினால் எஸ்.எஸ்.எம்.மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) வணிகப் பெயர்ப் பதிவு வருஷத்துக்கு 60 வெள்ளி.

ஊர் விட்டு ஊர்

முதல் வருஷம் ஒரே இரவில் போய்த் திரும்பும் வட்டம்: ஈப்போ, கோலகங்சார், தைப்பிங், தெலுக் இந்தான். இரண்டாம் வருஷம் பினாங்கு, கோலாலம்பூர். கோலாலம்பூர் போய்வர ஏறக்குறைய 460 கிலோமீட்டர். பெட்ரோல், டோல், சாப்பாடு சேர்த்து 200 வெள்ளியைத் தாண்டும். அழைப்பவர் 80 தருவதாகச் சொன்னால் மீதி 120-ஐ நாலு சட்டை விற்று எடுக்க முடியாது. லாபம் சட்டைக்கு 18 தானே, ஏழு விற்க வேண்டும். மறுநாள் கிள்ளானிலோ ராவாங்கிலோ இரண்டாவது மேடை கிடைத்தால் மட்டும் போங்கள். இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் தூங்கித் தூங்கி ஓட்டி வர வேண்டாம், அழைத்த குழுவின் வீட்டுக் கூடத்தில் பாய் கேளுங்கள். அவர்கள் உங்கள் ஊருக்கு வரும்போது உங்கள் கூடத்தில் பாய்.

ஆள் மாறும்போது

டிரம்மர் சிங்கப்பூர் போவார். எப்போது என்பதுதான் தெரியாது, அதனால் இருக்கும்போதே தயாராகுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று கோப்பு கூகுள் டிரைவில் இருக்கட்டும்: முழுப் பாட்டு, டிரம் இல்லாத பாட்டு கிளிக்கோடு, அடைப்பு எண்ணிக்கை எழுதிய ஒரு பக்கம். புதிதாக வருகிறவர் மூன்று வாரத்தில் எட்டுப் பாட்டைப் பிடித்துவிடலாம். இல்லையென்றால் மூன்று மாசம் போகும், அதற்குள் கிட்டார்காரர் ஃபுட்சாலுக்குப் போய்விடுவார். கோயில் விழாக்களில் வாசிக்கும் சினிமாப் பாட்டுக் குழுக்களின் டிரம்மர்களைப் பழக்கம் பிடித்துவையுங்கள். கை சுத்தமாக இருக்கும். இரட்டை வேகத் தாளம் மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.

விலகுகிறவரிடம் அந்த வாரமே முடிக்க வேண்டியது: பொதுப் பணத்தில் அவர் பங்கு, அவரிடம் உள்ள சாமான், அவர் எழுதிய பாட்டுகளின் விழுக்காடு. எழுதிய பங்கு விலகினாலும் அவருக்கே. விநியோகத் தளம், இன்ஸ்டாகிராம், குழு மின்னஞ்சல் மூன்றின் கடவுச்சொல்லும், இரண்டாம் சரிபார்ப்பு வரும் போன் எண்ணும் யாருடையது என்று பாருங்கள். அது அவருடைய மலேசிய எண்ணாக இருந்து, சிங்கப்பூர் போனதும் சிம்மை நிறுத்திவிட்டால், சொந்தப் பாட்டின் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது. பேருந்து ஏறும் முன் எண்ணை மாற்றிவிடுங்கள்.